குக்கர் ரப்பரை மறந்தது கோமளாக்கா இல்லை

சுஜாதா போன் செய்தபோது நான் அவரைப்பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் குளிர்காலத்தில் வேறென்ன வேலை? ஊறிய பருப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தோலைக் கழற்றிக் கழற்றி, கையெல்லாம் வழவழவென்று இருந்தது. எடுத்த போன் நழுவிப் பருப்புக் கிண்ணத்திலேயே விழுந்தது. துடைத்துக் காதில் வைத்தேன். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். கோமளாக்கா ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கோ, யார் வீட்டு விசேஷத்துக்கோ போயிருப்பார் என்றுதான் என் புத்தி போயிற்று. மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் உறைத்தது.

காலையில் டீ குடித்திருக்கிறார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். "கொஞ்சம் சாயறேன், எட்டு மணிக்கு எழுப்பு" என்று மகளிடம் சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி இல்லை, மருந்து இல்லை, ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஐம்பத்தொரு வயசு போகிற வயசா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டே நிமிஷத்தில் சோறு வேகிற குக்கரை விற்றவர் என்பதற்காகப் போவதிலுமா இப்படி அவசரப்படுவார்கள்!

பதினாறாம் நாள் மர்பி டவுனில் அவர் வீட்டுத் தெருவிலேயே பந்தல் போட்டுப் படத்திறப்பு வைத்தார்கள். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். சுஜாதா மைக்கைப் பிடித்து, உங்களுக்கெல்லாம் மனப்பாடமான அந்தக் கதையைச் சொன்னாள். கடையில் முக்கியமான ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா குக்கர் ரப்பரை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து முழித்த கதை. பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், "நல்லவங்க, ரொம்ப நல்லவங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். துக்கம் இல்லை, பயம். அந்தக் கதை தப்பு. தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் இனி நான்தான். நான் வாயை மூடிக்கொண்டால் கோமளாக்கா மறதிக்காரி என்கிற பேரோடேயே போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். படித்த பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம்.

கடைக்கு வந்து பார்க்காதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூரில் புருஷனும் பெண்டாட்டியும் ஐ.டி. கம்பெனிக்கு ஓடுகிற வீடுகள் பெருகிக்கொண்டே போயின. காலையில் சமைக்க நேரமில்லை, சாயங்காலம் வந்தால் தெம்பில்லை. கமர்ஷியல் தெருப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுச் சாமான் கடை, இவர்களைக் குறிவைத்து மாடியில் எதிரெதிராக இரண்டு மேஜை போட்டது. ஒன்றில் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அதுவே ஆவி கட்டி, அதுவே நேரம் பார்த்து, அதுவே நிறுத்திக்கொள்ளும். இன்னொன்றில் ஸ்லோ குக்கர். கனமான பீங்கான் பானை, கண்ணாடி மூடி. காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வேகும். அந்த மேஜைக்குக் கோமளாக்கா, இந்த மேஜைக்கு நான். வருகிறவர்கள் கண் முன்னாலேயே சமைத்து, தொன்னையில் ருசி பார்க்கக் கொடுத்து, விற்க வேண்டும்.

நான் அப்போது திருப்பத்தூரிலிருந்து வந்து ஒக்கலிபுரத்தில் குடியேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வந்த வேகத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். என் வேலையும் போனால் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பத்தூரில் மாமியார் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். அந்த வீட்டில் ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவள் நான். பெங்களூருக்கு வந்துதான் எனக்கு ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரிந்தது. சாம்பார் விற்கிற குரலாக இருந்தால் என்ன, குரல் குரல்தானே?

முதல் நாளே அக்கா எனக்குப் பேர் வைத்துவிட்டார். "இன்னா திருப்பத்தூரு, உன் பானை வேகறதுக்குள்ள என் கஸ்டமருக்குப் பேரன் பொறந்துடுவான் போலக்கீதே" என்று இந்த மேஜைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். என்னைச் சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே அக்கா, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தினத்தாளை விரித்து, "வா, குந்து. சண்டை மேஜையில தான், சோத்துல இல்லை" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். அன்றிலிருந்து அவர் குழம்பு எனக்கும் என் பொரியல் அவருக்கும் என்று ஆகிவிட்டது.

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. அவர் குக்கரில் பெரிய குறை ஒன்று இருந்தது, அது விசில் அடிக்காது. நம் பெண்களுக்கு விசில்தானே கடிகாரம்? பருப்புக்கு நாலு, சோற்றுக்கு மூன்று என்று காதால் சமைக்கிறவர்கள் நாம். ஒரு கன்னட அம்மா மூடியைச் சுற்றிச் சுற்றி வந்து, "விசில் பரல்வா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். விசில் வராதா என்று. அக்கா அசரவில்லை. கன்னடத்தில் ஒரு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியமாகச் சொன்னார்: "அம்மா, கொழந்தை அழுதாத்தான் உசுரோட கீதுன்னு தெரியும். சோறு எதுக்கும்மா அழணும்?" அந்த அம்மா சிரித்த சிரிப்பில் இரண்டு குக்கர் விற்றது, ஒன்று அவருக்கு, ஒன்று அவர் தங்கைக்கு.

என் பங்குக்கு நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லோ குக்கரில் சாம்பார் வைத்தால் எல்லாம் சரியாக வரும், தாளிப்பு மட்டும் வராது. கடுகு வெடிக்கிற சூடு அந்தப் பானைக்குக் கிடையாது. கடுகு வெடிக்காத சாம்பாரை எந்த முகத்தோடு தொன்னையில் ஊற்றிக் கொடுப்பது? வந்த இரண்டாவது வாரம், பின்கட்டில் இருந்த கேஸ் அடுப்பில் பீங்கான் பானையையே தூக்கி வைத்து, எண்ணெயை ஊற்றினேன். தாளித்துவிட்டு அதன்மேலேயே சாம்பாரைத் திருப்பி ஊற்றலாம் என்று என் கெட்டிக்காரத்தனம். கடுகு வெடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வெடித்தது பானை. சரிபாதியாகப் பிளந்து, எண்ணெய் அடுப்பில் ஓடியது. அக்கா ஓடி வந்து கேஸை அணைத்தார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் இல்லை என்று தெரிந்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், தண்ணீர் குடித்த பிறகும் நிறுத்தவில்லை. "ஒரு சின்னக் கரண்டி வாங்க வக்கில்லாம பானையையே அடுப்பில ஏத்தினவளை இப்பதான்டி பார்க்கறேன்." அடுத்த நாள் தன் வீட்டிலிருந்து தாளிப்புக் கரண்டி ஒன்று கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அதற்குப் பிறகும் என் கஸ்டமரை இழுப்பதை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

கோடையில் கரண்ட் போகும். அவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, கரண்ட் வந்தால் எட்டு நிமிஷத்தில் சமாளித்துவிடுவார். எனக்கோ காலையிலிருந்து கட்டிய சூடு அத்தனையும் போய்விடும். ஒரு நாள் பதினோரு மணிக்குப் போன கரண்ட் ஒரு மணி வரை வரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திறந்து பார்க்கப் போனேன். "மூடியைத் தொட்டியோ கையை ஒடிப்பேன்" என்று அக்காவின் சத்தம். பெங்களூர்க்காரர்கள் கோடையிலும் கையோடு வைத்திருக்கிற ஸ்வெட்டரைத் தன் பையிலிருந்து எடுத்துவந்து, என் குக்கர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பானையைச் சுற்றிக் கட்டி ஸ்வெட்டர் கைகளை முடிச்சுப் போட்டார். பார்க்கப் பச்சைக் குழந்தைக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்தது. கரண்ட் வந்தபோது சாம்பார் கைபொறுக்காத சூட்டில் இருந்தது. அவருடைய ஸ்வெட்டர் ஒரு மாதம் பெருங்காய வாசனை அடித்தது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் முறை அவர் வீட்டுக்குப் போனது ஒரு லீவு நாளில். உள்ளே நுழைந்தால், கடை பரிசாகக் கொடுத்த எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் பிரிக்காத பெட்டியோடு டி.வி.க்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பெரிய அலுமினியத் தேக்சாவில் ஆட்டுக்கால் பாயா, காலையிலிருந்து அணைந்தும் அணையாத தீயில் கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, இது நான் விற்கிற சமையல்!" என்று கத்தினேன். வாயைப் பொத்தினார். "வெளிய சொன்னா கொன்னுடுவேன். வூட்ல எங்கிட்ட யாரும் எட்டு நிமிஷத்தில சோறு கேக்கறதில்லைடி. மெதுவாத்தான் பண்ணுவேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எதற்காக என்றால், ஸ்லோ குக்கரைப் புகழ்ந்து தொண்டை வறண்டுபோகிற நான், வீட்டில் பழைய பிரஷர் குக்கரில் மூன்று விசில் வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிவிட்டுத்தான் பஸ் பிடித்து வருவேன். இதை அன்றே அவரிடம் ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரும் பாயாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எங்கள் கஸ்டமர்களுக்காகப் பரிதாபப்பட்டோம்.

டிசம்பர் வந்தது. மேனேஜர் மஞ்சுநாத் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, மைக்ரோவேவ் அடுக்க ஜாகா வேண்டும், ஜனவரியிலிருந்து ஒரு மேஜைதான் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவரே நின்று பார்ப்பாராம். எந்த மேஜையில் கூட்டம் நிற்கிறதோ அந்த மேஜை இருக்கும். அக்கா, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்க் காய் நறுக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் மாமியார் வீட்டு வாசல்படிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் அக்காவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் குக்கர் மூடியின் உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் உண்டு. அது இருந்தால்தான் ஆவி உள்ளே நிற்கும். அந்த ரப்பர் வாசனையைப் பிடித்துக்கொள்ளும், நேற்றைய ரசம் இன்றைய பாயசத்தில் மணக்கும். அதனால் தினமும் கழற்றி, எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து, குழாயில் மாட்டிக் காயவைப்பார். காலையில் எடுத்து மூடியில் பொருத்திவிட்டு, மூடி, ரப்பர், வெயிட்டு, பானை, அளவுக் கப்பு, கரண்டி என்று வாய்விட்டு எண்ணுவார். ஆறும் சரியாக இருந்தால்தான் பொட்டை நேராக்கிக்கொண்டு கஸ்டமரைப் பார்ப்பார். ரப்பர் கடையை விட்டு வெளியே போனதே இல்லை. அதை வீட்டில் மறக்க எப்படி முடியும்? கடை ஆட்கள் ஒருவராவது இத்தனை வருஷத்தில் இதை யோசித்தீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள், கதையை அவர் அவ்வளவு நன்றாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்கால். என் பானையில் பிதுக்கிய அவரைப்பருப்புக் குழம்பு தயார். எதிரே அக்கா பிஸிபேளாபாத்துக்கு அரிசி, பருப்பு, காய் எல்லாம் போட்டுவிட்டு, தொன்னைக் கட்டு எடுக்க உள்ளே போனார். மூடி மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. நான் அங்கே போனேன். ரப்பரை இழுத்தேன். பல்லில் சிக்கிய நார் வருகிற மாதிரி வந்துவிட்டது. என் கைப்பைக்குள் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் போவதற்கு முன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேனே, அதற்குப் பேர் என்ன?

அக்கா வந்தார். காலையில் தன் கையால் பொருத்திய மூடி, அதனால் பார்க்காமலே மூடித் திருகினார். கூட்டம் கூடியது. மஞ்சுநாத் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மூடியைச் சுற்றிப் புஸ்ஸென்று ஆவி போய்க்கொண்டே இருந்தது, நேரம் காட்டுகிற விளக்கு எரியவே இல்லை. யாரோ சிரித்தார்கள். "ஏன்ரீ கோமளா, ஏனாய்த்து?" என்றார் மஞ்சுநாத், என்ன ஆச்சு என்று. அக்கா மூடியைத் திறந்து திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். வேறு எங்கேயும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். ஒரு தும்மல் போடுகிற நேரம்தான் இருக்கும். நான் குனிந்து என் பானையைக் கிளறினேன்.

அந்தத் தும்மல் நேரத்தில் அவர் என்னென்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யய்யே! ரப்பரை வூட்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேனே!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சிரிங்க, நல்லா சிரிங்க. உங்க வூட்ல ஒரு நாள் ரப்பர் அறுந்துபூடும், அன்னிக்கு மாமனார் தட்டைப் போட்டுக்கினு குந்தியிருப்பாரு. அப்ப இன்னா பண்ணுவீங்க? காட்டறேன் பாருங்க." வெந்நீரை ஊற்றினார், ஒரு தட்டைப் போட்டு மூடினார், சாதாரணச் சட்டியில் கிளறுவதுபோலக் கிளற ஆரம்பித்தார். "ரப்பர் இல்லைன்னா இது வெறும் கரண்டுச் சட்டி, அவ்வளோதான். சட்டியில சமைச்சவங்கதானே நாம? நேரம் மட்டும் ஆவும்."

அதோடு விட்டாரா? "அதுவரைக்கும் உங்களைப் பசியோட நிக்க வெக்க எனக்கு மனசு வரலை. ஏய் திருப்பத்தூரு, மூடியைத் திற!" என்று தொன்னைகளோடு என் மேஜைக்கே வந்துவிட்டார். கூட்டம் அவர் பின்னாலேயே வந்தது. என்னால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கரண்டியை இப்படிக் குடு" என்று வாங்கிக்கொண்டார். என் குழம்பை அவர்தான் பரிமாறினார். "பருப்பு ஒண்ணாவது ஒடைஞ்சிருக்கா பாருங்க! என் குக்கர்ல போட்டிருந்தா கூழு. உள்ளதைச் சொல்லணுமில்ல?" என்று புகழ்ந்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் பிஸிபேளாபாத்தை முக்கால் மணி நேரம் கழித்து இறக்கி, அதையும் கொடுத்தார். அன்று என் பானை ஏழு போயிற்று. அவர் குக்கர், ரப்பர் இல்லாமலே, ஒன்பது போயிற்று. மஞ்சுநாத் தலையைச் சொறிந்தார். "எரடூ இர்லி" என்றார், இரண்டுமே இருக்கட்டும். "மேஜையை மட்டும் ஒண்ணாச் சேர்த்துப் போட்டுக்குங்கம்மா, ஜாகா மிச்சம்."

நான் எதையும் திருடியிருக்கவே வேண்டாம். குழம்பு தன்னாலேயே விற்றிருக்கும். அது தெரிந்தபோது எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, இதை எழுதுகிற இந்த நிமிஷமும் காது சுடுகிறது.

கடை சாத்துகிற நேரம் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா குழாயை மூடாமல், என் பக்கம் திரும்பாமல், கையை மட்டும் நீட்டினார். "குடு." கைப்பையைத் திறந்து கொடுத்தேன். வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "பையில இன்னா வெச்சுக்கினு கீற, தலைவலித் தைலமா? இனிமே ஒரு வாரத்துக்குச் சோறெல்லாம் தைலம் அடிக்கும்." எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். நான் அழுதேன். "அழுவறதை வூட்ல போய் அழு. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லில படலை உனக்கு, நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். அந்தப் பிஸிபேளாபாத் மிச்சம் கீது, துன்னு." சாப்பிட்டேன். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. அது எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்று சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருக்கும், அதனால் விடுகிறேன்.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டேன், ஏனக்கா என்னைத் திட்டவில்லை, மஞ்சுநாத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என்னை அனுப்பியிருப்பாரே என்று. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "நீ திமிர்ல எடுத்திருந்தா அங்கயே மயிரைப் புடிச்சு இஸ்திருப்பேன். உன் மூஞ்சியைப் பார்த்தேன். பயந்து செத்துக்கினு இருந்த. பயத்தைப் போய் இன்னான்னு திட்டறது?" அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. சேர்த்துப் போட்ட மேஜையில் ஆறு வருஷம் தோளோடு தோள் நின்றோம். வாரநாளைக்கு இது, லீவு நாளைக்கு அது என்று ஒரே வீட்டுக்கு இரண்டையும் கட்டிவிடுகிற வித்தையை அவர்தான் கண்டுபிடித்தார். என் வீட்டுக்காரருக்கு வேறு வேலை கிடைத்தது. திருப்பத்தூருக்குப் பொங்கலுக்கு மட்டும்தான் போகிறேன், அங்கேயும் இப்போது வாயைத் திறந்து பேசுகிறேன்.

ரப்பரை மறந்த கதையை மட்டும் அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். கடையில் யாராவது கேட்டபோது ஆரம்பித்ததை, காதுகுத்து, வளைகாப்பு என்று எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு தடவையும் அவர் முட்டாள்தனம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். ஒரு தடவை ரப்பரை வளையல் என்று நினைத்துக் கையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். ஒரு தடவை அதை ஆடு மென்றுவிட்டதாம். நான் பக்கத்திலேயே இருப்பேன். சொல்லும்போது மறந்தும் என் பக்கம் பார்க்க மாட்டார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அக்கா, நானே எல்லோர்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன். "தாராளமா சொல்லு. ஆனா நீ சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. பார்த்துக்க" என்றார்.

சொல்லிவிட்டேன் அக்கா. நீங்கள் சொன்னது சரி, எழுதும்போது எனக்கே சிரிப்பு வரவில்லை. சுஜாதா, உன்னிடம்தான் முதலில் நேரில் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. அடுத்த தடவை மைக் பிடிக்கும்போது கதையை மாற்றிச் சொல்லு, என் பேரைச் சேர்த்தே சொல்லு. உன் அம்மா ஆறு உருப்படியையும் எண்ணி வைத்தவர்.

அவர் ஞாபகமாக எதை வைத்துக்கொள்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடை சாத்திய பிறகு, தவறாமல் அக்கா ஒக்கலிபுரத்துக்குச் சாப்பிட வருவார். கதவைத் தட்டாமல் நுழைவார், செருப்பை ஓரமாக விட மாட்டார், குழம்பில் உப்பு குறைவு என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஊரெல்லாம் தன்னை மறதிக்காரி என்று சொல்லித் திரிந்தவர் எதையும் மறக்கவில்லை. நான் செய்ததையும் மறக்கவில்லை. மறக்காமலேயே, மேஜையில் நின்ற ஆறு வருஷமும் அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் என் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு கரண்டி ஊத்து" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த இன்னொரு கரண்டியைத்தான் வைத்துக்கொள்கிறேன்.